தடுத்து நின்றவளைக் குற்றவாளி ஆக்காதீர்: நெய்வேலி நகரியத்துப் பெண்களின் கோரிக்கைச் சாசனம்

என்எல்சி இந்தியா நிறுவனத்தின் தலைமைக்கும் அதன் நகர நிர்வாக அலுவலகத்துக்கும், கடலூர் மாவட்ட ஆட்சியருக்கும், மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கும், தமிழ்நாடு அரசுக்கும், எங்களோடு இதே தெருக்களில் வாழும் மக்களுக்கும்:

நகரியத்தின் வட்டங்கள் எனப்படும் குடியிருப்புப் பகுதிகளில் வாழ்பவர்கள், சுரங்கத்திலும் அனல்மின் நிலையத்திலும் நிரந்தரமாகவோ ஒப்பந்தத்திலோ வேலை பார்ப்பவர்கள், மந்தாரக்குப்பத்திலிருந்தும் வடக்குத்திலிருந்தும் விடியலில் வந்து குவார்ட்டர்ஸ்களில் வீட்டு வேலை முடித்துத் திரும்புபவர்கள், பஸ் பிடித்துக் கல்லூரிக்குப் போகிறவர்கள் ஆகிய பெண்கள் சேர்ந்து இந்தச் சாசனத்தை முன்வைக்கிறோம். எங்கள் பக்கம் நிற்கும் ஆண்களும் இதில் இருக்கிறார்கள்.

அடிதடி கூடாது என்று சொல்லித்தான் பிள்ளைகளை வளர்க்கிறோம். அதில் எங்களுக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் தாக்க வருகிறவனிடமிருந்து உயிரையும் உடலையும் காத்துக்கொள்ள ஓங்கிய கையையும், தாக்க வந்த கையையும் ஒரே தட்டில் வைத்துப் பேசும் பழக்கம் இந்த ஊரிலும் இந்த நாட்டிலும் ஊறிக் கிடக்கிறது. "ஒரு கை தட்டினால் ஓசை வருமா" என்று கேட்பவர்களுக்கு எங்கள் பதில் இதுதான்: ஒரு கையே அடிக்கும், அடுத்த கை தடுக்கும். தடுத்த கையைச் சட்டம் எப்படிப் பார்க்கிறதோ அப்படியே காவல் நிலையமும் கம்பெனியும் ஊரும் பார்க்க வேண்டும். இந்தச் சாசனம் முழுக்க நாங்கள் கேட்பது அதைத்தான்.

சட்டம் ஏற்கெனவே தந்திருப்பது

இந்த உரிமையை யாரும் எங்களுக்குப் புதிதாகத் தர வேண்டியதில்லை. 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரையிலான பிரிவுகளில் அது இருந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரை எண் மாறி நிற்கிறது. தற்காப்பு உரிமையைப் பயன்படுத்திச் செய்யும் எதுவும் குற்றம் ஆகாது என்கிறது 34-ஆம் பிரிவு. தப்புத்தான், ஆனாலும் மன்னித்துவிடலாம் என்று அது இரக்கம் காட்டவில்லை. குற்றமே இல்லை என்று சொல்கிறது. அடுத்த பிரிவு, தன் உடலைப் போலவே வேறு எவருடைய உடலையும் காக்கும் உரிமையைத் தருகிறது. பக்கத்து வீட்டுப் பெண்ணை ஒருவன் இழுத்துப் போகும்போது ஓடிவந்து தடுக்கிறவருக்கும் அதே பாதுகாப்பு உண்டு.

எதிராளி செத்தே போனாலும் குற்றமாகாத சூழல்களையும் சட்டம் எண்ணி வைத்திருக்கிறது. உயிர் போகும் என்ற அச்சம், கொடுங்காயம் ஏற்படும் என்ற அச்சம், வன்புணர்ச்சி நோக்கத்தோடு தாக்குதல், இயற்கைக்கு மாறான இச்சையோடு தாக்குதல், ஆள் கடத்தல், அதிகாரிகளை அணுக முடியாதபடி அடைத்து வைத்தல், அமிலம் வீசுதல் என ஏழு வகை, 38-ஆம் பிரிவில். அமிலம் 2013-இல் சேர்ந்தது. அதற்கு முந்தைய நவம்பரில் காரைக்காலில் ஓர் இளம் பொறியாளர் மீது அமிலம் வீசப்பட்டு, மூன்று மாதம் போராடி அவர் இறந்துபோனதை இந்தப் பக்கத்து மக்கள் மறந்திருக்க முடியாது. அடி விழும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. நியாயமான அச்சம் எழுந்த கணத்தில் உரிமை தொடங்குகிறது, அச்சம் நீடிக்கும்வரை நீடிக்கிறது.

தர்ஷன் சிங் வழக்கில் 2010 ஜனவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் இதையெல்லாம் பத்து நெறிகளாகத் தொகுத்துக் கொடுத்தது. ஆபத்தின் நடுவில் நிற்கிறவர் தன் ஒவ்வொரு அடியையும் அளந்து அளந்து போட வேண்டும் என்று எதிர்பார்க்கக் கூடாது, தாக்கப்படுகிறவர் ஓடித்தான் ஆக வேண்டும் என்றும் இல்லை என்பது அதன் சாரம்.

தமிழ்நாட்டுக் காவல்துறையே இந்தச் சட்டத்தை நேர்மையாகக் கையாண்டதும் உண்டு. 2012 பிப்ரவரியில் மதுரையில், குடித்துவிட்டு வந்து பெற்ற மகளிடமே முறைகேடாக நடக்க முயன்ற கணவனை ஒரு தாய் கிரிக்கெட் மட்டையால் அடித்தார். அவன் இறந்துபோனான். அன்றைய மாவட்ட எஸ்.பி. அஸ்ரா கார்க், பழைய தண்டனைச் சட்டத்தின் 100-ஆம் பிரிவைச் (இன்றைய 38-ஆம் பிரிவு) சுட்டி அந்தத் தாயை விடுவித்தார். 2021 ஜனவரியில் சோழவரம் அருகே 19 வயதுப் பெண் ஒருவர், கத்தியைக் காட்டி மிரட்டி வன்புணர முயன்றவனின் கத்தியையே பறித்துக் குத்தினார். அவன் இறந்தான், அவர் காவல் நிலையத்தில் சரணடைந்தார். திருவள்ளூர் எஸ்.பி. அரவிந்தன் அதே 100-ஆம் பிரிவின்படி அவரை விட்டார். இரண்டு இடத்திலும் சட்டம் வேலை செய்ததற்குக் காரணம், பொறுப்பில் இருந்த அதிகாரி சட்டத்தை எடுத்துப் படித்ததுதான். எல்லாப் பெண்ணுக்கும் அப்படி ஓர் அதிகாரி வாய்ப்பதில்லை. ஆகவேதான் அதிகாரியின் நல்ல மனத்தை நம்பியிராமல், நடைமுறையாக எழுதி வைக்கச் சொல்கிறோம்.

எல்லையையும் நாங்களே சொல்லிவிடுகிறோம்

இந்த உரிமையைக் கேட்பவர்கள் அதன் வரம்பை மறைக்கக் கூடாது. காவல்துறையின் உதவியைத் தேட நேரம் இருக்கும்போது கை ஓங்க உரிமை இல்லை. தேவைக்கு மேல் காயம் உண்டாக்க உரிமை இல்லை. தாக்கியவன் ஓடிவிட்ட பிறகு துரத்திப் போய் அடிப்பது பழிவாங்குவது. மறுநாள் ஆள் திரட்டிக்கொண்டு அவன் வீட்டுக்குப் போவது அதைவிட மோசம். நல்லெண்ணத்தோடு தற்காத்துக்கொள்ளும்போது வரம்பு மீறி உயிர் போய்விட்டால், சட்டம் அதைக் கொலையாகக் கொள்ளாமல் ஒரு படி குறைத்துப் பார்க்கிறது. ஆனால் முழு விடுதலை தருவதில்லை.

அளவு மீறிய பலம் எப்படிப்பட்டது என்று நெய்வேலிக்கு யாரும் பாடம் நடத்த வேண்டாம். 2014 மார்ச் 17 அன்று இரண்டாம் சுரங்கத்தில், வாக்குவாதத்தின் முடிவில் ஓர் ஒப்பந்தத் தொழிலாளி மத்தியத் தொழிலகப் பாதுகாப்புப் படை வீரரின் துப்பாக்கிக்கு இரையானார். ஊரே கொதித்தது. 2023 ஜூலை 28 அன்று நில எடுப்புக்கு எதிரான போராட்டம் ஆர்ச் கேட் முன் கல்வீச்சாகவும் கண்ணீர்ப்புகையாகவும் முடிந்ததையும் பார்த்தோம். கூட்டத்தின் கோபம், அரசின் துப்பாக்கி, தனியாக மாட்டிக்கொண்ட ஒருத்தியின் கை ஆகிய மூன்றும் வேறு வேறு. மூன்றையும் "வன்முறை" என்ற ஒரே மூட்டையில் கட்டிப் பேசினால், கடைசியில் இருப்பவளுக்குத்தான் அநியாயம்.

பஸ்ஸில் போகும் எந்தப் பெண்ணிடமும் கேட்டுப் பாருங்கள். பண்ருட்டியிலிருந்தோ விருத்தாசலத்திலிருந்தோ நிற்க இடமில்லாத பஸ்ஸில் வரும்போது தாலிச் சரட்டிலோ துப்பட்டாவிலோ கோத்திருக்கும் ஊக்கு எதற்கு என்று தெரியும். பின்னாலிருந்து உரசும் கை, ஊக்கு முனை பட்டதும் பின்வாங்கும். பின்வாங்கியதும் ஊக்கு மறுபடி சரட்டுக்குப் போய்விடும். சத்தம் இல்லை, ரத்தமும் ஒரு துளிக்கு மேல் இல்லை. எத்தனை பலம் தேவை, எப்போது நிறுத்த வேண்டும் என்று 37-ஆம், 40-ஆம் பிரிவுகள் சொல்வதை எங்கள் தாய்மார் சட்டம் படிக்காமலே கடைப்பிடித்து வந்திருக்கிறார்கள். பெண்கள் கையில் இந்த உரிமையைக் கொடுத்தால் கட்டுமீறிப் போய்விடும் என்று அஞ்சுபவர்கள் இதை யோசித்துப் பார்க்க வேண்டும்.

காந்தியடிகள்கூட 1920 ஆகஸ்டில் 'யங் இந்தியா' இதழில், கோழைத்தனம் அல்லது வன்முறை இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தாக வேண்டும் என்ற நிலை வந்தால் வன்முறையையே பரிந்துரைப்பேன் என்ற கருத்தை எழுதினார். அகிம்சையே மேலானது என்று அடுத்து அழுத்திச் சொன்னார். இரண்டையும் சேர்த்தே ஏற்கிறோம்.

கவுண்ட்டர் கேஸ் என்னும் பழக்கத்தை நிறுத்துங்கள்

எங்கள் முதல் கோரிக்கையும் முக்கியக் கோரிக்கையும் இதுதான்.

இரண்டாம் ஷிப்ட் முடிந்து இரவு பத்தரை மணிக்கு நடந்து வரும் ஒருத்தியை எண்ணிப் பாருங்கள். பைக்கில் வந்தவன் இறங்கி அவள் துப்பட்டாவைப் பிடித்து இழுக்கிறான். கையில் இருந்த எவர்சில்வர் டிபன் கேரியரால் அவன் முகத்தில் ஓங்கி அடித்துவிட்டு ஓடுகிறாள். அவனுக்கு நெற்றியில் தையல். அவளுக்குக் கழுத்தில் நகக் கீறலும் கன்றிப்போன மணிக்கட்டும். காலையில் அவன் தரப்பு முதலில் காவல் நிலையத்துக்குப் போகிறது. காயம் அவனுக்குத்தான் பெரிது. எஃப்.ஐ.ஆர். அவள் மேல் விழுகிறது. அவள் மதியம் போனால் புகார் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீதுதான் கிடைக்கிறது. ரொம்பவும் வற்புறுத்தினால் அவள் புகாரும் பதிவாகி இரண்டும் ஒன்றுக்கொன்று எதிர் வழக்காகின்றன. ஆபாசப் பேச்சு, காயம் விளைவித்தல், ஆயுதத்தால் காயம், கொலை மிரட்டல் என்று முன்பு 294(பி), 323, 324, 506(2) என ஊருக்கே மனப்பாடமான அதே கோவை இரு பக்கமும் எழுதப்படுகிறது. அப்புறம் என்ன, "ரெண்டு பேர் மேலயும் கேஸ் இருக்கு, ராஜி ஆகிப் போங்க" என்ற சமரசம். பாஸ்போர்ட், அரசு வேலை, கேட் பாஸ் எல்லாம் நினைவுக்கு வர, அவள் கையெழுத்துப் போட்டுவிடுகிறாள்.

எந்த ஒரு நிலையத்தின் பெயரையும் இங்கே குறிப்பிடவில்லை. தமிழ்நாடு முழுக்க உள்ள வழக்கம் இது. ஆனால் இப்படிச் செய்யக் கூடாது என்று காவல்துறையின் சொந்த விதியே சொல்கிறது. ஒரே சம்பவத்தில் புகாரும் எதிர்ப்புகாரும் வந்தால் விசாரணை அதிகாரி இரண்டையும் விசாரித்து, முதலில் தாக்கியவர் யார் என்று கண்டறிந்து அவர் மீதான வழக்கைத்தான் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக வேண்டும், இரண்டும் பொய்யானால் இரண்டையும் முடிக்க வேண்டும் என்பது காவல் நிலை ஆணை 566. சென்னை உயர் நீதிமன்றம் பலமுறை இதைச் சுட்டிக்காட்டியிருக்கிறது. இந்த ஆணையை நெய்வேலி நகரியம், தெர்மல், மந்தாரக்குப்பம், அனைத்து மகளிர் காவல் நிலையங்களில் எழுத்துப்பூர்வமாக வலியுறுத்தி மாவட்டக் கண்காணிப்பாளர் சுற்றறிக்கை விட வேண்டும். தற்காப்பு என்று ஒரு பெண் சொன்னால், குற்றப் பத்திரிகை போடும் முன் பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் பொருந்துமா என்று விசாரணை அதிகாரி தன் கோப்பில் காரணம் காட்டி எழுத வேண்டும். டி.எஸ்.பி. அதைப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும்.

ஒரு குற்றவாளியைச் சுட்டுப் பிடிக்கும்போது "தற்காப்புக்காகச் சுட்டோம்" என்று காவல்துறை சொல்கிறது. அந்தச் சொல்லையும் அப்படியே ஏற்கக் கூடாது என்பதால்தான் 2014 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், என்கவுண்ட்டர் மரணம் ஒவ்வொன்றிலும் எஃப்.ஐ.ஆர்., தனி விசாரணை, நடுவர் விசாரணை வேண்டும் என்று நெறிமுறை வகுத்தது. எங்கள் சொல்லையும் விசாரிக்காமல் ஏற்க வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. விசாரியுங்கள். துப்பாக்கி வைத்திருப்பவர் சொன்னால் முதல் நாளே செய்தியாகிவிடும் அதே வார்த்தை, டிபன் கேரியர் வைத்திருந்தவள் சொன்னால் காகிதத்தில்கூட ஏறுவதில்லை என்ற நிலை மாற வேண்டும்.

பொய்யாகத் தற்காப்புக் கூறித் தப்புவார்களே என்று சிலர் கேட்கலாம். நீதிமன்றத்தில் தற்காப்பைக் காட்டும் பொறுப்பு அதைக் கோருபவர் மேல்தான் இருக்கிறது. அரசுத் தரப்பைப் போல ஐயமற நிரூபிக்க வேண்டாம், நடந்திருக்கக் கூடியது இதுவே என்று காட்டினால் போதும். அந்த ஏற்பாட்டை நாங்கள் மாற்றச் சொல்லவில்லை.

இன்னொன்று, சீருடை அணிந்தவரே தாக்கினால் என்ன என்பது. 1993-இல் இங்கிருந்து அதிக தூரம் இல்லாத கம்மாபுரம் காவல் நிலையத்தில் முதனை என்ற ஊரைச் சேர்ந்த ராஜாக்கண்ணு கொல்லப்பட்ட வழக்கு இந்தப் பகுதியின் நினைவில் இன்றும் ஆறாமல் இருக்கிறது. பொதுவாக, கடமையைச் செய்யும் அரசு ஊழியரை எதிர்த்துத் தற்காப்பு உரிமை கிடையாது. ஆனால் அவர் செயலால் உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ நியாயமான அச்சம் எழுந்தால் அந்தத் தடை நீங்கிவிடுகிறது. சீருடை அணிந்தவர்களுக்கும் இது தெரிந்திருப்பது நல்லது. விதிவிலக்கான சூழலில் தவிரப் பெண்ணைச் சூரியன் மறைந்த பிறகு கைது செய்யக் கூடாது, சாட்சி சொல்ல நிலையத்துக்கு வரவழைக்கக் கூடாது என்ற விதிகளை எல்லா நிலையங்களின் வாசலிலும் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி வைக்கவும் கோருகிறோம். பாலியல் குற்றப் புகாரைப் பதிய மறுக்கும் அதிகாரிக்கு 199-ஆம் பிரிவில் ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு என்பதையும் அதே பலகையில் சேருங்கள்.

கீறல் மூன்று நாளில் ஆறிவிடும்

மேலே சொன்ன பெண்ணின் கழுத்துக் கீறல்தான் அவளுடைய முதல் சாட்சி. அது மறைவதற்குள் மருத்துவர் பார்த்து எழுத வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவரின் உடலில் இருக்கும் காயங்களுக்கு அரசுத் தரப்பு விளக்கம் சொல்லாவிட்டால் அந்த வழக்கையே சந்தேகிக்க வேண்டியிருக்கும் என்று 1976-இலேயே லட்சுமி சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. ஆனால் மருத்துவமனையின் ஏ.ஆர். என்னும் விபத்துப் பதிவேட்டில் எழுதப்படாத காயத்துக்கு யாரிடம் விளக்கம் கேட்பது?

என்எல்சி பொது மருத்துவமனையின் அவசரப் பிரிவில், நிரந்தரத் தொழிலாளியின் குடும்பமா, ஒப்பந்தத் தொழிலாளியா, வெளியூர்க்காரியா என்று பார்க்காமல், தாக்கப்பட்டு வரும் எந்தப் பெண்ணையும் உடனே பரிசோதித்து ஏ.ஆர். பதிவு செய்து நகல் தர வேண்டும். அமில வீச்சுக்கும் வன்புணர்வுக்கும் உள்ளானவர்களுக்கு எல்லா மருத்துவமனைகளும் இலவசச் சிகிச்சை தர வேண்டும் என்பது சட்டத்தின் கட்டளையே. நகக் கீறலுக்கும் கன்றிய மணிக்கட்டுக்கும் அதே அக்கறையைக் கேட்கிறோம். கிழிந்த உடையைத் துவைத்துவிடாமல் காகித உறையில் வைக்கச் சொல்லும் ஒரு செவிலியர் அங்கே இருந்தால் பாதி வழக்கு காப்பாற்றப்படும்.

கடலூர் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு, நகரியத்தில் வாரம் ஒரு நாளாவது ஒரு பெண் வழக்கறிஞரை அமர்த்த வேண்டும். வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி பெற உரிமை உண்டு, 1987-ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டப்படி. பலருக்கு இது தெரியாது. 15100 என்ற சட்ட உதவி எண்ணும் தெரியாது.

வேலையிடத்தில்

தொழிலக நிலையாணைகளில் ஒழுங்கீனமான நடத்தை தண்டனைக்குரியது. சரிதான். ஆனால் தன்னைத் தொட்டவனின் கன்னத்தில் அறைந்த பெண்ணும் "பணியிடத்தில் சண்டை" என்ற அதே குற்றச்சாட்டுக் குறிப்பாணைக்கு ஆளாக முடியும். நிரந்தர ஊழியருக்காவது விசாரணை என்று ஒன்று நடக்கும். ஒப்பந்தத் தொழிலாளிக்கு அதுவும் இல்லை. "நாளையிலேர்ந்து வர வேணாம்மா" என்று ஒப்பந்ததாரர் சொல்லிவிட்டால் அன்றோடு சரி. ஆகவே, பாலியல் தொல்லையோ தாக்குதலோ சம்பந்தப்பட்ட எந்தச் சம்பவத்திலும் உள்ளகப் புகார்க் குழு கருத்துச் சொல்லும்வரை பெண்ணின் மீது குறிப்பாணையோ, கேட் பாஸ் பறிப்போ, பணி நீக்கமோ கூடாது என்று நிறுவனம் ஆணை பிறப்பிக்க வேண்டும். ஒப்பந்த நிபந்தனைகளிலேயே அதைச் சேர்க்க வேண்டும். 2013-ஆம் ஆண்டுப் பணியிடப் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டப்படி அந்தக் குழுவுக்கு ஒப்பந்தத் தொழிலாளியின் புகாரையும் விசாரிக்கக் கடமை உண்டு. குவார்ட்டர்ஸ்களில் வீட்டு வேலை செய்பவர்களின் புகாரை மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழு ஏற்க வேண்டும். அந்தக் குழுவில் யார் இருக்கிறார்கள், எங்கே போய்ப் புகார் கொடுப்பது என்பதை ஆட்சியர் இங்கே அறிவிக்க வேண்டும்.

திறந்தவெளிச் சுரங்கங்களில் இரவு 7 மணி முதல் காலை 6 மணி வரை பெண்களைப் பணியமர்த்த 2019-இல் மத்திய அரசு வழிவிட்டது. எழுத்துப்பூர்வமான சம்மதம், பாதுகாப்பு ஏற்பாடுகள், ஒரு ஷிப்டில் குறைந்தது மூன்று பெண்கள் என்பவை நிபந்தனைகள். எங்களுக்கு இந்த வேலைகள் வேண்டும். இரவைக் காரணம் காட்டி எங்களை வீட்டுக்கு அனுப்பாதீர்கள். சுரங்க வாசலில் முடிந்துவிடும் பாதுகாப்பையும் எங்கள் வீட்டு வாசல்வரை நீட்டுங்கள்.

வெளிச்சம்

2011 கணக்கெடுப்பில் ஒரு லட்சம் பேருக்கு மேல் வாழ்ந்த ஊர் இது. ஆனாலும் எங்களுக்கு நகராட்சி இல்லை, வார்டு கவுன்சிலர் இல்லை. தெரு விளக்கு எரியாவிட்டால் நகர நிர்வாக அலுவலகத்தைத்தான் கேட்க வேண்டும். அதனால் கேட்கிறோம்: பூட்டிக் கிடக்கும் குவார்ட்டர்ஸ்களைச் சுற்றிப் புதர் வெட்டி, கதவு சன்னல்களை அடைத்து, அந்தத் தெருக்களில் விளக்கு போடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இருட்டிய பிறகு நிர்வாக அதிகாரியும் காவல் ஆய்வாளரும் பெண் பிரதிநிதிகளும் சேர்ந்து வட்டம் வட்டமாக நடந்து பார்க்க வேண்டும். நாட்டுக்கே மின்சாரம் தரும் ஊரில் இருட்டுக்குப் பயந்து நடக்கும் நிலை இருக்கக் கூடாது.

பஸ்ஸில்

தென்காசிப் பேருந்து நிலையத்தில் நடந்த ஒரு சம்பவத்திலிருந்து எழுந்த வழக்கில், 2012 நவம்பர் 30 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது இது: பஸ்ஸில் ஒரு பெண் தொல்லைக்கு உள்ளாகிப் புகார் சொன்னால், ஓட்டுநரும் நடத்துநரும் பஸ்ஸை அருகிலுள்ள காவல் நிலையத்துக்கு ஓட்டிச் செல்ல வேண்டும். பெண்களுக்குத் தொல்லை தருவதைத் தடுக்கும் 1998-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டத்திலும் இந்தக் கடமை இருக்கிறது. நெய்வேலி வழியாகப் போகும் எல்லா அரசு, தனியார் பஸ்களிலும் இந்த அறிவிப்பை ஒட்டுங்கள். "எறங்கிப் போய்ப் பேசிக்கங்க" என்ற பதில் இனி வேண்டாம். வேலுடையான்பட்டு பங்குனி உத்திரக் கூட்டத்திலும் நெய்வேலிப் புத்தகக் கண்காட்சியிலும் சாதாரண உடையில் பெண் காவலர்கள் இருக்க வேண்டும்.

பயிற்சி

பள்ளிகளில் ராணி லட்சுமிபாய் பெயரிலான திட்டத்தில் ஆறாம் வகுப்பிலிருந்து மாணவிகளுக்குத் தற்காப்புப் பயிற்சி உண்டு. கராத்தே, சிலம்பம், ஜூடோ என்று சொல்லித் தருகிறார்கள். வரவேற்கிறோம். ஆனால் மூன்று மாதத்தில் முடிந்துபோகும் பயிற்சியும், ஆண்டு விழாவில் ஓடு உடைப்பதும் போதாது. தாக்குகிறவன் பெரும்பாலும் தெரிந்தவனாக இருக்கிறான். உறவினன், சக ஊழியன், காதலிப்பதாகச் சொல்பவன். அவனை எதிர்க்கக் கையைவிட முதலில் வாய் பழக வேண்டும். "வேண்டாம்" என்று உரக்கச் சொல்லவும், தயங்காமல் கூச்சலிடவும், கழுத்தில் போட்ட பிடியிலிருந்து நழுவவும், நழுவியதும் ஓடவும் கற்றுத் தர வேண்டும். கனடாவின் மூன்று பல்கலைக்கழகங்களில் சார்லீன் சென் குழுவினர் செய்து 2015-இல் வெளியிட்ட ஆய்வில், பன்னிரண்டு மணி நேர எதிர்ப்புப் பயிற்சி பெற்ற மாணவிகளில் ஓராண்டுக்குள் வன்புணர்வுக்கு உள்ளானவர்கள் 5.2 விழுக்காடு. துண்டறிக்கை மட்டும் தரப்பட்டவர்களில் அது 9.8 விழுக்காடு. பன்னிரண்டு மணி நேரத்தில் ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது என்றால், அதைத் தராமல் இருக்க என்ன காரணம் சொல்ல முடியும்?

பாரதி விளையாட்டரங்கிலும் வட்டங்களின் சமுதாயக் கூடங்களிலும், ஷிப்டுக்கு ஏற்ற நேரங்களில், வீட்டு வேலைப் பெண்கள் உட்பட எல்லாருக்கும் இலவசமாக இந்தப் பயிற்சி வேண்டும். சிலம்ப ஆசான்களுக்கு உரிய ஊதியம் கொடுத்து அமர்த்துங்கள். பாதுகாப்புப் படையின் பெண் வீரர்களும் சொல்லித் தரலாம். பயிற்சியின் ஒரு பகுதி சட்டமாக இருக்கட்டும்: எதுவரை அடிக்கலாம், எப்போது நிறுத்த வேண்டும், நிறுத்தியதும் யாரை அழைக்க வேண்டும். பையன்களையும் அந்தச் சட்ட வகுப்பில் உட்கார வையுங்கள்.

வீட்டுக்குள்

எழுதக் கடினமான பகுதி இது. பெண்ணுக்கு விழும் அடியில் பெரும்பங்கு தெருவில் விழுவதில்லை. குவார்ட்டர்ஸ் கதவுக்கு உள்ளே விழுகிறது. வீடு கணவன் பெயரில் ஒதுக்கப்பட்டது. வேலையும் அவனுடையது. எதிர்த்து அடித்தால் வேலை போய்விடுமோ, வீட்டைக் காலி செய்யச் சொல்வார்களோ என்று தாங்கிக்கொள்கிறாள். 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், வீடு யார் பெயரில் இருந்தாலும் அவளுக்கு அங்கே வாழும் உரிமையைத் தருகிறது. இதை நகர நிர்வாகம் தன் ஒதுக்கீட்டு விதிகளில் எழுத வேண்டும். அடிபட்டு நள்ளிரவில் வெளியே வந்தவள் பிள்ளைகளோடு தங்க, காலியாக இருக்கும் குவார்ட்டர்ஸ்களில் சிலவற்றை ஒதுக்கித் தர வேண்டும்.

பல ஆண்டு அடி வாங்கியவள் ஒரு நாள் திருப்பி அடிக்கும்போது சட்டம் தடுமாறுகிறது. "அந்தக் கணத்தில் ஆபத்து இருந்ததா" என்று மட்டுமே அது கேட்கிறது. முந்தைய பத்தாண்டை அது பார்ப்பதில்லை. இந்த இடைவெளியை முதலில் கண்டதே சென்னை உயர் நீதிமன்றம்தான். 1989-இல் சுயம்புக்கனி வழக்கில், நீடித்த துன்பத்தால் நிலைகுலைந்து பிள்ளைகளோடு கிணற்றில் குதித்த ஒரு தாயின் நிலையை நல்லதங்காள் கதையோடு சேர்த்துப் பார்த்து, நீடித்த ஆத்திரமூட்டல் என்ற கருத்தை அது ஏற்றது. 2013-இல் கௌஹாத்தி உயர் நீதிமன்றம், குடித்துவிட்டு அடித்த கணவனின் கையிலிருந்த கட்டையைப் பறித்து அடித்த மனைவியின் வழக்கில் அந்தத் தமிழ்நாட்டுத் தீர்ப்பைத் துணைக்குக் கொண்டு, கொலைக் குற்றத்தைக் குறைத்தது. ஆனால் 2023-இல் தண்டனைச் சட்டத்தையே புதிதாக எழுதியபோது இந்தக் கருத்துக்கு அதில் தனி இடம் தரப்படவில்லை. தமிழ்நாடு அரசு மாநிலத் திருத்தமாக இதைச் சட்டமன்றத்தில் கொண்டுவர வேண்டும். நல்லதங்காள் கதையைக் கூத்தாகப் பார்த்துக் கண்ணீர் விட்ட மாநிலத்துக்கு அந்தக் கடமை மற்றவர்களைவிட அதிகம்.

நாங்கள் கேட்காதவை

துப்பாக்கி உரிமம் கேட்கவில்லை. வன்கொடுமைத் தடுப்பு விதிகளில், தேவை என்று அரசு கருதினால் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கு ஆயுத உரிமம் வழங்கலாம் என்றே 1995-இல் எழுதி வைத்திருக்கிறார்கள். அதைக் கேட்க உரிமை உள்ளவர்கள் எங்களிலும் உண்டு. இருந்தும் அந்த வழியில் போக எங்களுக்கு விருப்பம் இல்லை. கட்டப் பஞ்சாயத்து வேண்டாம். சந்தேகப்பட்டவனைக் கம்பத்தில் கட்டி அடிப்பதை ஏற்க மாட்டோம். அது யாருக்கு நடந்தாலும் எதிர்ப்போம். காவல்துறைக்கு மாற்றாக எங்களை நிறுத்திக்கொள்ளவும் இல்லை. 112, 181 என்ற உதவி எண்களை அழைத்தால் எத்தனை நிமிடத்தில் வண்டி வருகிறது என்று ஒவ்வொரு மாதமும் வெளியிடுங்கள். அந்த வண்டி வந்து சேரும்வரை உள்ள நிமிடங்களுக்குத்தான் இந்த உரிமை.

இந்தச் சாசனத்துக்கு நிறுவனமும் மாவட்ட நிர்வாகமும் காவல்துறையும் எழுத்தில் பதில் தர வேண்டும். எதை ஏற்கிறீர்கள், எதை மறுக்கிறீர்கள், என்ன காரணம் என்று கோரிக்கை வாரியாகச் சொல்லுங்கள்.

நகரிய மக்களுக்கு: பக்கத்துக் குவார்ட்டர்ஸில் கூச்சல் கேட்டால் டிவி சத்தத்தைக் கூட்டாதீர்கள். போய்க் கதவைத் தட்டுங்கள், 112-ஐ அழையுங்கள். அடுத்த நாள் அவள் காவல் நிலையத்துக்குப் போகும்போது உடன் போங்கள். பார்த்ததைப் பார்த்தபடி நீதிமன்றத்தில் வந்து சொல்லுங்கள்.